லேசான வாட்டம்

எங்கள் ஊரில் மலையேறும் குழு ஒன்று இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். சிரிக்கட்டும். குடவாசலிலிருந்து எந்தத் திசையில் போனாலும் வயல்தான். ஆற்றுப்பாலத்தை விட்டால் ஏறி இறங்க வேறு மேடு கிடையாது. அதனால்தானே எங்களுக்கு மலைப் பைத்தியம் பிடித்தது! நடவும் அறுப்பும் குறுக்கே வராத நாட்களில் பத்துப் பேர் சேர்ந்து கிளம்பிவிடுவோம். கிளம்புவதற்கென்று ஒரு வேன் வைத்திருந்தோம். அது குழுவுக்குப் பொது.

வேன் மாதம் ஒருவர் வீட்டில் நிற்கும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவது போல இதற்கும் 'முறை' என்றுதான் பெயர். "இந்த மாசம் உங்க முறைங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முறை வந்த வீட்டில் அதற்குப் புது மாப்பிள்ளை உபசாரம் நடக்கும். அறுவடைக் காலத்தில் வயல் எலி உள்ளே ஏறி ஒயரைக் கடித்துவிடும் என்று புகையிலையைக் கட்டித் தொங்கவிடுவோம். வைக்கோல் தூசி அடைத்த ஃபில்டரைக் கழற்றித் தட்டுவோம். வேனை ஓட்டுகிற பாய் நாகப்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். கடல் காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்று தன் முறையையும் என் தலையில் கட்டிவிடுவார். ஆகவே அது பெரும்பாலும் எங்கள் வாசலில்தான் நிற்கும். கழுவுவது என் மனைவி.

அவளுக்கு முழங்கால் வலி. ஒரு மலையையும் அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை நாங்கள் திரும்பி வந்ததும் வேனின் ரப்பர் விரிப்புகளை உதறி, அதில் ஒட்டியிருக்கும் சிவந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்ப்பாள். "இது எந்த ஊரு மண்ணுங்க?" என்பாள். நானும் பெருமையாக மலையின் பெயரைச் சொல்வேன். ஒருநாள், "மண்ண மட்டும் நல்லா கொண்டாந்து காட்டுறீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்து கொல்லிமலைக்குக் கிளம்பியபோது அவளையும் அழைத்துக்கொண்டோம். அவள் நடக்க வேண்டாம், வேனின் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று ஏற்பாடு.

அடிவாரம் வந்ததும் அவள் பேச்சு நின்றுபோனது. நானும் பல தடவை பார்த்த மலைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும். பிறந்ததிலிருந்து வானம் தரையில் வந்து முட்டுவதையே பார்த்தவனுக்கு, தரை எழுந்து போய் வானத்தில் முட்டுவதைப் பார்த்தால் வேறு என்ன ஆகும்? "இத யாரு இப்புடி நிமித்தி வச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே போனோம். வழக்கமாக நிறுத்தும் மைதானத்தில் அன்று இடமில்லை. சற்றுத் தள்ளி, சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில், இடப்பக்கம் மலையை ஒட்டிய ஓரத்தில் பாய் வேனை நிறுத்தினார்.

"இடம் எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இறங்கிப் பார்த்த ஒருவர், "லேசா வாட்டமா இருக்கு பாய், அவ்வளவுதான்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

எங்கள் ஊரில் தரையின் சாய்வுக்கு அந்த ஒரு சொல்தான். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் தானாகப் போனால் அது வாட்டம். குளியலறைக்குத் தளம் போடுகிற கொத்தனார் சொல்வதும் அதே வாட்டம்தான். கண்ணால் பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். வாட்டம் ஒரு வேனை நகர்த்தும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பாய் அத்தனை வருடம் ஓட்டியதும் பாலைவனத்துச் சமதரையில்தான். வண்டியை நியூட்ரலில் விட்டார். என் மனைவி பாட்டுக் கேட்கட்டும் என்று சாவியையும் அதிலேயே விட்டார். ஹேண்ட்பிரேக்கை யார் நினைத்தது? எலிக்குப் பயந்து ஒவ்வொரு ஒயருக்கும் காவல் போட்ட நாங்கள், அந்தப் பிடியில் முறுக்குப் பையைத்தான் மாட்டி வைத்திருந்தோம்.

கடைசியாக இறங்கியவர் கதவை ஓங்கிச் சாத்தினார். பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் பாதையில் ஏறத் தொடங்கியிருந்தோம். பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வேன் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் ஓடவில்லை, ஓட்டுநர் சீட்டில் ஆளில்லை. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கீழே சாலை வளைகிற இடத்தில் ஒரு சின்னச் சுவர், அதற்கு அப்பால் வெறும் காற்று.

நான் ஓடினேன். கத்தினேனா என்று நினைவில்லை. பாய் என்னை முந்திக்கொண்டு ஓடினார். என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் நான் பட்டதில்லை. யாரும் தள்ளவில்லை, எதுவும் இழுக்கவில்லை. அவ்வளவு பெரிய இரும்பைத் தரை தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. அந்த நிலையிலும் அதைப் பார்த்து மலைத்தேன் என்றால் நம்புவீர்களா? மலைத்தேன்.

சுவருக்குச் சற்று முன்னால் வேன் இடப்பக்கம் வெடுக்கென்று திரும்பி, மலையோரக் கால்வாயில் முன்சக்கரத்தை இறக்கி, மண் சரிவில் முட்டி நின்றது. முறுக்கெல்லாம் அவள் மடியில் கிடந்தது. அவளுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். பிரேக்கைத் தேடி ஸ்டியரிங் முழுக்கக் கையால் தடவியிருக்கிறாள். அங்கே ஏது பிரேக்? பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே சாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

பாய் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, மன்னிச்சிருங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். "போதும், ஊருக்குக் கிளம்புவோம்" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் மலையப் பாக்கத்தானே வந்தேன்? இன்னும் பாக்கவே இல்லையே" என்றாள் அவள். "இனிமே அதுல உக்கார மாட்டேன். நடந்தே வர்றேன்."

உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள். அவள் நடைக்கு எல்லோரும் நடந்தோம். உச்சி வரை போகவில்லை. பாதி வழியில் பாறை ஒன்று பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே மேகம் ஒன்று எங்கள் காலுக்கும் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அடியில் நிலம் எங்கே முடிகிறதென்றே தெரியாமல் விரிந்து கிடந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாத்தீங்களா, வா வான்னு கூப்பிடுது" என்றாள்.

நான் அவளை ஓரடி பின்னால் இழுத்தேன்.

"வண்டி ஓடுனப்பவும் இப்புடித்தான் கூப்பிட்டுச்சுங்க. நான் போகல."