எந்த மருந்து?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். போடிமெட்டுக்கு மேலே, நான் வேலை பார்க்கிற ஏலக்காய்த் தோட்டத்தில் நடந்தது. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போய், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம். என் மனைவி காய் எடுப்பாள். எனக்கு மருந்து அடிக்கிற வேலை. எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. செடிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான். ஆனால் ஒருவர் மருந்தைக் குடித்துவிட்டார் என்று சேதி வந்தால், எந்த மருந்து என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். சாப்பாட்டுத் தட்டோடு தெருவுக்குப் போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். தட்டு எங்கே என்றால் அவளுக்கே தெரியாது. பாடம் நடக்கும்போது வெளியே அணில் ஓடினால் இவளும் எழுந்து பின்னாடியே போய்விடுவாள். "இந்தத் தொல்லைய எப்படித்தான் கட்டி மேய்க்கிறீகளோ" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் செல்லமாகத் தொல்லை என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய டீச்சர்தான் ஒருநாள், பிள்ளையை அடிக்காதீர்கள், ஒருதரம் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எடை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தார். ஆனால் பெரும்பாலான நேரம் கேள்விதான் கேட்டார். எங்களைக் கேட்டார், டீச்சரிடம் போனில் கேட்டார், மகளை விளையாடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், இது கொழுப்போ திமிரோ இல்லை, கவனம் நிலைக்காத ஒரு பிரச்சினை, ஏடிஹெச்டி என்பார்கள் என்றார். மூளைக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதி கொண்டுபோகிற ரசாயனங்கள் இருக்கின்றனவாம். டோபமைன் என்பது அதில் ஒன்றாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அதன் வேலை கொஞ்சம் வேறு விதமாக நடக்கிறது என்று நினைக்கிறார்களாம்.

ரசாயனம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ரசாயனமெல்லாம் மண்டை ஓடு படம் போட்ட டப்பாவில்தான் வரும். அதை அடித்த சட்டையோடுதானே இவளை இத்தனை வருஷமாகத் தூக்கியிருக்கிறேன். இவள் வயிற்றில் இருந்தபோது இவள் அம்மாவும் அதே செடிகளுக்கு நடுவில்தான் நின்றாள்.

"ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டரம்மா. நான் அடிக்கிற மருந்தாலதான் இப்படி ஆச்சான்னு பாத்துச் சொல்லிருங்க" என்றேன்.

இதற்கு ரத்தத்தில் பார்க்கிற அடையாளம் எதுவும் கிடையாது, ஸ்கேனிலும் தெரியாது, இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். பெரும்பாலும் பரம்பரையாக வருவதாம். பூச்சிமருந்து பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது, வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தொடாதீர்கள் என்று கண்டித்தார். ஆனால் இவளுக்கு அதனால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றுவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வீட்டிலும் பள்ளியிலும் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, தினம் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். அவள் ஓரத்தில் உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளை வேடிக்கை பார்த்தாள். எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது என்பது எங்களுக்குப் பழகிப்போன நினைப்பு. அந்தத் தைரியத்தில் நானும் மனைவியும் பேசிக்கொண்டே போனோம்.

"நாளைக்கே புள்ளைக்கு மருந்தக் குடுத்துருவமா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா குடுத்தா அடங்கிரும்னு சொல்றாகல்ல" என்றாள் அவள்.

மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் ஏலக்காய் காய வைக்கிற கட்டடத்தில் அவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனோம். மதியச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அவள் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. முதலில் திட்டிக்கொண்டேதான் தேடினேன். எந்த அணில் பின்னாடி போனதோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கிவிட்டது. ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும், அதற்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. போன வாரம்தான் அந்தப் பக்கம் யானை இறங்கியிருந்தது. "அண்ணே, வெரசா ஓடைப் பக்கம் பாருங்க" என்று யாரோ கத்தினார்கள். ஓடை என்றதும் நானும் மனைவியும் அங்கே ஓடினோம். ஓடையில் அவள் இல்லை.

தோட்டத்தின் கடைசியில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. வெயில் நாளில் அங்கே நின்றால் போடி தெரியும். அதற்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அந்தப் பாறையில்தான் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈரத்தில் நனைந்து, அசையாமல் இருந்தாள்.

"ஆத்தா" என்று ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள். என்னைப் பார்த்து என் பிள்ளை நகர்ந்தாள். நான் நின்றுவிட்டேன். பின்னால் ஓடிவந்த மனைவியையும் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வராதப்பா. மருந்து வேணாம்ப்பா. நான் இனிமே சேட்டை பண்ண மாட்டேன்."

"எந்த மருந்து ஆத்தா?"

"நீ அடிக்கிறேல்ல, அதுதான். தொல்லை குடுக்குற பூச்சிக்குத்தான் மருந்து அடிக்கிறோம்னு நீதானப்பா சொன்ன."

என் சட்டையெல்லாம் அந்த வாடை. முகத்தில் கட்டுகிற துணி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொல்லை என்று அவளுக்குப் பெயர் வைத்தவனும் நான், தொல்லைக்கு மருந்து அடிப்பவனும் நான். சட்டையையும் துணியையும் கழற்றித் தூர எறிந்துவிட்டு, அந்தக் குளிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

"அது வேற, இது வேற ஆத்தா. இது சின்ன மாத்திரை. உன் தலைக்குள்ள சேதி கொண்டு போற ஜீப்பு ஒண்ணு இருக்காம். நிக்க வேண்டிய எடத்துல நிக்காமப் போயிருதாம். அதை நிக்க வைக்கத்தான் டாக்டரம்மா குடுத்திருக்காக."

முழங்காலைக் கட்டியிருந்த கையை விட்டாள். "தின்னாச் சாக மாட்டேன்ல?"

"மாட்ட ஆத்தா."

அந்த மாத்திரையைப் பற்றி எனக்கும் அதே பயம் உள்ளே இருந்தது. அவள் பாறையில் தவழ்ந்து தவழ்ந்து வந்து என் மடியில் விழுந்தாள்.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் மகளைக் கூப்பிட்டு மாத்திரையைக் காட்டி, அவளுக்குப் புரிகிற மாதிரி எல்லாம் சொன்னார். என்னையும் உட்காரவைத்து என் பயத்தைக் கேட்டார். இப்போது அவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள். தட்டு சில நாள் வீடு திரும்புகிறது. நான் மலையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் ஜீப் ஏறுகிறேன். என் வேலையால்தானா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் என்னால் மறக்கவே முடியாதது ஒன்று உண்டு. எதிலும் கவனமில்லை என்று நாங்கள் நினைத்த பிள்ளை, ஜீப்பில் நாங்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை, அந்தப் பாறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்மேல் இருந்த பயம் அவளை உட்காரவைத்திருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை என்றால் மாத்திரை, மலையில் அடிப்பது விஷம். தொல்லை என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. என்றாலும் எங்கேயாவது யாராவது மருந்து என்று சொல்லிவிட்டால், என் கண் முதலில் என் மகள் எங்கே இருக்கிறாள் என்றுதான் தேடுகிறது.