வில் பண்ணிய மத்தியானம்

என் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். புற்றா, இல்லையா. பதில் வரவேண்டும். அதுவரைக்கும் நான் ஒரு வில் செய்துகொண்டிருந்தேன்.

மாசி என்கிற இந்த வெளிநாட்டுப் புறநகரில், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டார் போன குளிர்காலத்தில் ஹேசல் என்ற கொட்டைமரப் புதரை வெட்டிப் போட்டார்கள். கணு குறைந்த, நேரான கொம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, காயும்போது வெடிக்காமலிருக்க இரண்டு நுனியிலும் பெயிண்ட் பூசிக் கராஜில் போட்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. சும்மா இருக்க முடியாத ஆள் நான். இப்போது கைகள் மட்டும்தான் அப்படி. மற்றதெல்லாம் பல் டாக்டர் மருந்து போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

எய்கிறவனைப் பார்க்கிற உள்பக்கத்தில் மட்டுமே கத்தி படலாம். வெளிப்பக்கம் பட்டையை உரிப்பதோடு சரி. அங்கே ஒரு நார் அறுந்தாலும் வளைக்கும்போது முறியும். சீவினேன். ஊன்றி வளைத்துப் பார்த்தேன். மேல்பாதி வளைந்தது, கீழ்ப்பாதி முறைத்துக்கொண்டு நின்றது. மறுபடி சீவினேன். வெள்ளைச் சுருள்கள் காலடியில் விழுந்தன, வேறு யாரோ சீவியவை போல.

மத்தியானம் ஒரு கார் வாசலில் கிறீச்சிட்டு நின்றது. நகரத்தின் மறுகோடியிலுள்ள பிளாட் புஷ்ஷிலிருந்து மச்சினி. கண்ணெல்லாம் சிவந்து, கையில் ரசம் டப்பாவோடு.

"இப்பவே எதுக்கு அத்தான் இதெல்லாம்? ரிசல்ட்டே வரலையே!"

"எதெல்லாம்?"

"அக்கா போன்ல சொன்னா. காலையிலேர்ந்து சாப்பிடாம உக்காந்து வில் பண்றீங்களாம். யாருக்கு என்னன்னு எழுதி வைக்கிற வயசா இது?"

கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, உயில்னா உயில்னு சொல்ல மாட்டேனா?"

"இந்த ஊர்ல யாரு உயில்னு சொல்றாங்க? எல்லாருக்கும் வில்தான்! மோட்டார்வே பூரா அழுதுட்டே வந்தேன். இந்த வயசுல வில்லும் அம்புமா உக்காந்திருப்பார்னு எந்தக் கிறுக்கிக்குத் தோணும்?"

அக்காளும் தங்கையும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வாய் மட்டும் விரிந்தது.

அப்போது போன். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண், இனிமையான குரல். நாளைக் காலை டாக்டரைப் பார்க்க வரச் சொன்னாள். கூட யாரையாவது அழைத்து வந்தால் நல்லது என்றாள். நன்றி சொல்லி வைத்தேன்.

அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். நல்ல பதிலாக இருந்தால் போனிலேயே சொல்லிவிடுவார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏங்க, ரெண்டு பேர் வரலாமான்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

கேட்கத் தோன்றவில்லை.

"பரவால்லக்கா. நான்தான் ஓட்டுவேன். உள்ள விடலேன்னா கார்லயே உக்காந்திருக்கேன்" என்றாள் மச்சினி.

சரி என்றேன்.