கோவிலம்பாக்கம் போன விரிப்பு

எனக்கு எதையும் தொடங்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் யார் வந்தாலும் சொல்லுவார். அது பொய்யில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் எந்தக் கதவைத் திறந்தாலும் பாதியில் நின்ற ஏதாவது ஒன்று கீழே விழும். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், ஓரம் மடிக்காத மேஜை விரிப்பு, யாருக்கென்று தொடங்கினேன் என்பதே மறந்துபோன குல்லா. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான், எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் கைவேலைக் குழுவில் புது வருஷத்தன்று, "இந்த வருஷம் பன்னிரண்டு வேலையை முடிச்சுக் காட்டுவேன்" என்று எழுதிவிட்டேன். எழுதிய கையோடு வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன. அதற்கப்புறம் எப்படிப் பின்வாங்குவது?

நவம்பர் பிறந்தபோது ஏழு முடிந்திருந்தது. மிச்சம் ஐந்தும் ஒரே சமயத்தில் கையில் இருந்தன. பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு ஸ்வெட்டர். தம்பிக்கு மப்ளர். சர்ச் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பை. எங்கள் கட்டிலுக்கு ஒரு பெரிய கில்ட். துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மூன்றடுக்காகச் சேர்த்துத் தைப்பதைத்தான் கில்ட் என்கிறோம். ஐந்தாவதும் ஒரு கில்ட்தான், ஆனால் சின்னது, குழந்தைக்கு. என் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் பிரசவ லீவில் போயிருந்தாள். கோவிலம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் பையன் பிறந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. அவனுக்கு.

ஸ்வெட்டர் கிண்டி போகும் ரயிலில் வளரும். குரோஷா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வளரும். கில்ட்டுகள் இரண்டும் ஹால் சோபாவை எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணிப்பை. வேலையை நிறுத்தும்போது ஊசியை அந்தந்தத் துணியிலேயே நூலோடு குத்தி வைத்துவிடுவேன், மறுபடி எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தைக்கலாம் என்று. கட்டை விரல் மூட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. எதை எடுத்தாலும் மற்ற நான்கும் ஞாபகத்துக்கு வரும். "சோபாவுல உக்காரவே பயமா இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

குழந்தை விரிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து, சமைக்காமல் உட்கார்ந்து முடித்தேன். ஓரத்துக்கு வெள்ளைப் பட்டி வைத்து மூடி, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். எட்டு. மறுபடி கைதட்டல். அந்த வாரமே குழந்தையின் அப்பா ஆபீஸ் பக்கம் வந்தபோது அதைக் கொடுத்தனுப்பினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, பெரிய கில்ட்டைத் தொடரலாம் என்று ஊசிப் பெட்டியைத் திறந்தேன். கில்ட் ஊசிகள் சின்னவை, விரல் நுனிக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஓர் இடம் உண்டு. எல்லாவற்றையும் பைகளிலிருந்து எடுத்து அட்டையில் செருகினேன். ஓர் இடம் காலியாக இருந்தது.

முதலில் பதறவில்லை. சோபாவை உதறினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம்.

"கடைசியா எங்க வெச்ச?"

அவர் அப்படிக் கேட்ட நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தை விரிப்பில் பச்சை நூலால் கடைசி இலையைத் தைத்து முடித்து நூலை அறுத்திருந்தேன். அக்கா பெங்களூரிலிருந்து போன் செய்து, குளிர் தொடங்கிவிட்டது, ஸ்வெட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். விரிப்பை அப்படியே ஒதுக்கினேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது மேலே உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஊசியை ஓரத்து வழியாக உள்ளே, பஞ்சுக்கும் அடித்துணிக்கும் நடுவில் சொருகினேன். பத்திரமாக. அப்புறம் ஸ்வெட்டர், அப்புறம் பை, அப்புறம் மப்ளர். திரும்ப விரிப்பை எடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை நூல் கோத்த வேறு ஊசியால் தைத்தேன். நான்கு பக்கமும் பட்டி வைத்து மூடிவிட்டேன்.

"விரிப்புக்குள்ள இருக்குங்க" என்றேன்.

போனை எடுத்தேன். அழைப்பதற்கு முன்னால் குழந்தையின் அம்மா வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. காலையில் போட்டது. என் விரிப்பின் மேல் குழந்தை குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஒரு சிவப்பு இதயம்.

அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. பிறகு சுவிட்ச் ஆஃப் என்றது. "குழந்தையை அந்த விரிப்பில் படுக்க வைக்காதே, உடனே தூக்கிடு" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக். அவள் கணவர் நம்பரோ அவள் அம்மா நம்பரோ என்னிடம் இல்லை.

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "வண்டி எடுக்கறேன். வா."

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அவர் ஹெல்மெட்டைக் கொஞ்சம் தூக்கித் திரும்பினார்.

"அங்க போய் ஊசி கீசின்னு சொல்லாத. ஒரு இடத்துல தையல் விட்டுப்போச்சு, சரி பண்ணிக் குடுக்கறோம்னு சொல்லி வாங்கிட்டு வந்துரலாம்."

"ஏற்கெனவே குத்தியிருந்தா?"

"குத்தியிருந்தா இந்நேரம் அவங்களே போன் பண்ணியிருப்பாங்க. நான் பேசறேன், நீ சும்மா இரு."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது. அந்தப் பெண்ணின் முகம் பார்த்து அதைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்ற ஆசையும் வந்தது. மேடவாக்கம் வரை அந்தப் பொய்யை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எந்த இடத்தில் தையல் விட்டது என்று கேட்டால் எந்த இடம் என்று சொல்வது என்பது வரை யோசித்தாகிவிட்டது.

மேடவாக்கம் தாண்டியதும் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ரோடு பாதியாகியிருந்தது. பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. நான் அதற்குள் இன்னும் நான்கு தடவை அழைத்திருப்பேன். அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பும் தெருமுனையில் ஓர் ஆள் கையை நீட்டி மறித்தார்.

"இப்டிக்கா போவ முடியாது சார், பள்ளம் தோண்டிக்கீறாங்க. அந்தால சுத்திகினு போங்க."

வீட்டுக்காரர் வண்டியைத் திருப்புவதற்குள் நான் இறங்கிவிட்டேன். பள்ளத்து ஓரமாகச் சேற்றில் கால் வைத்து நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். இரண்டாம் மாடி. படியேறும்போதே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பசி அழுகை இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வீறிடுகிற அழுகை.

கதவைத் திறந்தது அவள் அம்மா. குழந்தை அவர் தோளில் கிடந்தான். "வாம்மா, போன் பண்ணிட்டு வரக் கூடாதா? பாரு, விடிஞ்சதுலருந்து இதே கதைதான். கீழ போட்டா கத்துறான். வயித்து வலிதான்னு நினைக்கிறேன், ஓமத்தண்ணி குடுத்தேன்."

அதற்குள் வீட்டுக்காரரும் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். "ஒண்ணுமில்லைங்க, அந்த விரிப்புல ஒரு இடத்துல தையல்..." என்று தொடங்கினார்.

"இல்லம்மா" என்றேன். "அந்த விரிப்புக்குள்ள ஊசி இருக்கு. நான் எடுக்க மறந்துட்டேன். குழந்தையை அதுல போடாதீங்க."

அவள் அம்மாவின் கண் என் முகத்திலேயே நின்றது. உள்ளேயிருந்து என் தோழி ஈரத்தலையோடு வந்தாள். போனை சைலண்டில் போட்டிருந்ததாகவும், சார்ஜ் தீர்ந்து அணைந்தது தெரியவில்லை என்றும் சொல்லிக்கொண்டே வந்தவள், எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நான் இன்னொரு தடவை சொன்னேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தி, சட்டையைக் கழற்றினாள்.

விரிப்பு ஹாலில் பாயின் மேல் கிடந்தது. நான் மண்டி போட்டு உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தேன். ஒன்றும் தட்டவில்லை. பஞ்சு தடிமனாக வேண்டும், தரை உறுத்தக் கூடாது என்று தேடித் தேடி வாங்கியது. அதே பஞ்சு இப்போது ஊசியை ஒளித்து வைத்திருந்தது. திருப்பிப் போட்டுத் தடவினேன். அப்போதும் இல்லை. ஒருவேளை இங்கே இல்லவே இல்லையோ, நான்தான் வீணாகக் கலவரப்படுத்திவிட்டேனோ என்று தோன்றியது. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அம்மா, இங்க பாருங்க."

தொடையின் பின்பக்கம் சிவப்பாக ஒரு கோடு. "காலையில பாத்தேனே, கொசுன்னு நெனச்சேன்" என்றார் அவள் அம்மா. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. விரிப்பைச் சுருட்டி, ஓரத்தை இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பிசைந்துகொண்டே போனேன். மூன்றாவது மூலைக்குப் பக்கத்தில் சுருக்கென்று என் கட்டை விரலில் ஏறியது.

கத்தரியால் வெள்ளைப் பட்டியை அறுத்தேன். பச்சை நூல் வாலோடு ஊசி வெளியே வந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முழுசா இருக்கு. நுனி உடையல."

அவள் அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "ஊசியை எண்ண மாட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டு என்று எண்ணினேன், பன்னிரண்டுக்கு நான்கு மிச்சம் என்று எண்ணினேன். ஊசியை எண்ணவில்லை.

அடுத்த தெருவில் ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக் இருந்தது. எல்லோரும் நடந்தே போனோம். வழியெல்லாம் குழந்தை அழுதான். என் தோழி என் பக்கம் திரும்பாமல் முன்னால் நடந்தாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், தொடையை எல்லாப் பக்கமும் அழுத்தினார், தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். "மேல் தோல்ல கீறல்தான். உள்ள எதுவும் போகல. மருந்து தடவுங்க" என்றார்.

"காலையிலருந்து அழுறது இதனாலதானா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. வயிறும் கொஞ்சம் உப்பியிருக்கு."

அந்த வயிற்று உப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று எனக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. இன்றைக்கு வரை அதில் நம்பிக்கை வரவில்லை.

விரிப்பை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் அம்மா வேண்டாம் என்று தலையசைத்து, அறுத்த மூலை தொங்க அதை மடித்து பீரோ மேலே வைத்தார். திரும்பி வரும்போது மேடவாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, "டீ குடிக்கலாமா?" என்றார் வீட்டுக்காரர். வாங்கும்போதே கண்ணாடி டம்ளர் சாய்ந்து, பாதி டீ புடவையில் கொட்டியது. அவர் தன் டீயிலிருந்து என் டம்ளரில் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பைகளையும் மறுபடி கவிழ்த்து, ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஊசியை அட்டையில் அதன் இடத்தில் செருகினேன். அந்த வருஷம் அதற்கு முன்னால் கொடுத்த கில்ட்டுகள் இரண்டு. அவற்றை வாங்கியவர்களுக்கும் போன் செய்து, தடவிப் பார்க்கச் சொன்னேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். இந்த வருஷத்துக்கு எட்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். அப்புறம் பம்மலிலிருந்து ஒருவர், "எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கு" என்று எழுதினார். பிறகு சிட்லபாக்கத்திலிருந்து ஒருவர். வண்டலூரில் இருப்பவர், "எனக்கு ஒண்ணு குறையுது, தேடிட்டிருக்கேன்" என்று எழுதினார். சோபாவுக்கு அடியில் கிடைத்தது என்று அவரிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அக்காவின் ஸ்வெட்டரை மட்டும் குளிர் முடிவதற்குள் முடித்து அனுப்பினேன். அதை யாருக்கும் போட்டோ எடுத்துப் போடவில்லை. மற்றவை இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

லீவு முடிந்து என் தோழி ஆபீசுக்கு வந்த முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். அவள் எப்போதும்போல நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் கேட்காமலே சொன்னாள்.

"விரிப்பு மூலையை அம்மாவே தச்சுட்டாங்கக்கா. அவனுக்கு அதுல படுத்தாத்தான் தூக்கம் வருது."

"அப்படியா?"

"ஆமா. ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையால முழுக்கத் தடவிப் பாக்காம அவனை அதுல போட மாட்டாங்க. அவசரம்னாலும் சரி, அவன் கத்தினாலும் சரி."

அவள் டப்பா மூடியில் கொஞ்சம் வெண்டைக்காய்ப் பொரியலை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினாள்.