விசாரிக்க வந்தவரும் வேஷம் கட்டியவரும்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம். திருச்சி பொன்மலையில் நாங்கள் குடியிருக்கும் ரயில்வே காலனியில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் முதலில் உள்ளங்கை வியர்க்கிறது, அப்புறம்தான் சிரிப்பு வருகிறது.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், சக்கரங்கள் செய்யும் வீல் ஷாப்பில், ஃபிட்டர். ஐம்பதை நெருங்குகிற வயது, ஒல்லி உடம்பு, பேச்சு ரொம்பக் கம்மி. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். எங்களுக்கு ஒரே பெண். ஐடி கம்பெனியில் வேலை, கம்பெனிக்காக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பாடத்துக்கென்று லேப்டாப்பில் ஏதோ ஜப்பான் நாடகம் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர் காபி டம்ளரோடு அவள் பின்னால் போய் நின்றார். திரையில் வெள்ளை வெளேரென்ற முகம், கண்ணோரம் சிவப்புக் கோடு, கனமான பட்டு உடை. ஒரு பெண் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி காகிதக் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? என்ன ஒரு அடக்கம்!" என்றார்.

"அப்பா, அது பொண்ணே இல்ல, ஆம்பள. உங்களைவிட வயசுல மூத்தவர்."

அந்த நாடகத்துக்குக் கபுகி என்று பெயராம். அதில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்களாம். அந்த நடிகர்களை ஒன்னகாத்தா என்பார்களாம். அவள் விளக்கிக்கொண்டே போக, இவர் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஷிப்ட் முடிந்து வந்ததும் அதே வீடியோக்கள்தான். முழங்கால் இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு காகிதத்தை இடுக்கிக்கொண்டு அது விழாமல் நடந்து பழகுவார்கள் என்று கேள்விப்பட்டு, இவரும் ஹாலில் பேப்பரை இடுக்கிக்கொண்டு நடந்தார். நான் அன்றைய பேப்பரைத் தேடினால் அது இவர் காலிடுக்கில் இருக்கும்.

கேலி செய்தேனே தவிர, நானும் பார்த்தேன். தாத்தா வயதுக்காரர் ஒருவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நடிக்கிறார். அழுகைச் சத்தம் வெளியே வரக்கூடாதென்று துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு குலுங்குகிறார். பாஷை ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஆண் என்பது சுத்தமாக மறந்துபோனது. கொம்பன்தான் என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டேன், இவரிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் காலனி மன்ற ஆண்டு விழாவில் ஒரு குடும்ப நாடகம் போடுவதாக ஏற்பாடு. ரிட்டயர் ஆகப்போகும் ஒரு ரயில் கார்டையும் அவர் மனைவியையும் பற்றிய கதை. இவரைக் கார்டாக நடிக்கச் சொன்னார்கள். இவரோ அந்த மனைவியின் வேஷம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளே மீசையும் போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் பழனிக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். ஒரு அம்மா பயந்துபோய், வீட்டில் துக்கமா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் அப்போதுதான் பெண்ணுக்கு ஒரு நல்ல வரன் கூடி வந்திருந்தது. திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஸ்ரீரங்கத்தில் வந்து வீடு கட்டியிருந்தார்கள். தரகர் மூலமாகவே ஜாதகம் பொருத்தியாகிவிட்டது, நேரில் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. விழா முடிந்த மறு ஞாயிறு ஸ்ரீரங்கம் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாகப் பேச்சு. என் பெண்ணுக்கும் அந்தப் பையனைப் போட்டோவில் பார்த்ததுமே பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் சம்பந்தி ஆகப்போகிற மனுஷன் மீசையை வழித்துக்கொண்டு சேலை கட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"ஸ்ரீரங்கத்துல பெருமாளே வருஷத்துல ஒரு நாள் மோகினியா வர்றாரு" என்றார் இவர்.

"பெருமாளுக்குப் பொண்ணு பார்க்க யாரும் வரலைங்க" என்றேன்.

விழா அன்று சாயங்காலம், இவருடைய சவுரிக்கு மேல் வைக்க மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். கட்டடத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் இவர், என்னுடைய அரக்குப் பட்டில், முழு மேக்கப்பில், முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் எனக்குத் தெரியாத ஒரு அம்மா. இரண்டு பேரும் பல நாள் பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எங்க எதிர் வீடு" என்று இவர் என்னைக் காட்டினார். மெல்லிய, கரகரத்த குரல். கண்ணால் என்னிடம் ஏதோ கெஞ்சினார்.

"நல்லதாப் போச்சு. உக்காருங்க" என்று அந்த அம்மா பக்கத்துத் திட்டைக் காட்டினார். "வீல் ஷாப் ஃபிட்டர் பொண்ணைப் பத்தித்தான் இந்த அக்காகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். என் பையனுக்குப் பார்க்கிறோம். கோயில்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க. அக்கம்பக்கத்துல கேட்டாதானே தெரியும்?"

அப்போதுதான் புரிந்தது, இவர்தான் ஸ்ரீரங்கத்துப் பையனின் அம்மா. பெண்ணெடுக்கிற வீட்டைப் பற்றித் தெருவில் விசாரிப்பது எல்லாரும் செய்வதுதான், நானே ஸ்ரீரங்கத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தவள்தான். ஆனால் இந்த அம்மா ஊரையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்ணின் அப்பாவிடமே வந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்! இவருக்கு அறிவு எங்கே போனது? காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் காலத்து ஒன்னகாத்தா நடிகர்கள் மேடையில் மட்டுமல்ல, ஒப்பனை அறையிலும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களாம். சேலை கட்டிய பிறகு வேஷத்தைக் கலைக்கிற வரைக்கும் ஆணாக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று இவரும் சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறார். அந்த அம்மா 'அக்கா' என்று வந்து உட்கார, இவரும் அக்காவாகவே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இப்போது உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு அவமானம், சம்பந்தம் போச்சு. சொல்லாவிட்டால் மேடையில் தானாகவே தெரிந்துவிடும். கையிலிருந்த மல்லிகையை என்னையறியாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணைப் பத்தி யாரும் குறை சொல்லலை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வாய் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். அப்படியாக்கா?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஜாஸ்திதாங்க. காலையில குக்கர் விசிலுக்கு முன்னாடி அவ சத்தம்தான் கேக்கும்."

அந்தச் சவுரியைப் பிடித்து ஒரு இழு இழுக்கலாமா என்று கை துறுதுறுத்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேங்க" என்றார் இவர், சேலை நுனியை மடித்துக்கொண்டே. "அவ வீட்டுக்காரருக்கு வேலையில கை நசுங்கிடுச்சு. இனிமே விரல் வேலை செய்யாதுன்னுகூட சொன்னாங்க. சட்டை பட்டன் போடுறதுலேருந்து சோறு ஊட்டுறது வரைக்கும் அவதான். அப்பவும் திட்டிக்கிட்டேதான் ஊட்டினா. ஆஸ்பத்திரியில ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா. வாளி நிரம்பி வழியுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அவருக்குத் தெரியாதுன்னு இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருக்கா."

நான் குனிந்துகொண்டேன். அது எனக்கும் அந்தக் குழாய்க்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா, "இது போதுங்கக்கா" என்றார். எழுந்து கிளம்புவார் என்று பார்த்தால், அக்கா நடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். நேரமாகிவிடும், ஸ்ரீரங்கம் போக சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

இவர் மேடைக்கு வந்ததும் விசில் பறந்தது, காலனிப் பையன்கள் "அக்கா" என்று கூவினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் தானாக அடங்கியது. கடைசி டூட்டிக்குக் கிளம்பும் கணவனின் சீருடையை இஸ்திரி போட்டு, ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்தார் இவர். அவ்வளவுதான், வசனம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். நன்றாகத்தான் நடித்தார். என்னால்தான் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்தில் முள் குத்துவது போல நெளிந்துகொண்டே, கரண்ட் போகக்கூடாதா என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போகவில்லை. நாடகம் முடிந்ததும் மன்றச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். இவர் சவுரியைக் கழற்றிக் கும்பிட்டார். "நம்ம வீல் ஷாப் ஃபிட்டர்! சீக்கிரம் இவர் பொண்ணுக்கு ஸ்ரீரங்கத்துல சம்பந்தம், காலனிக்கே சாப்பாடு!" என்று செயலாளர் சொல்ல, ஹாலே கைதட்டியது.

பக்கத்தில் இருந்த கை என் கையை விட்டது. "அப்ப நீங்க?"

"பொண்ணோட அம்மாங்க."

அந்த அம்மா விறுவிறுவென்று வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று ஒரே ஒரு தடவை திரும்பினார். "விசாரிக்க வந்தது என் தப்புன்னே வெச்சுக்குங்க. அதுக்காக என்னை வெச்சே நாடகம் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். எனக்கு அப்போதுதான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பேச வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாய் திரும்பிவிட்டது. "ஜப்பான்காரன் வந்து உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பானா?" என்று கத்தித் தீர்த்தேன். இவர் முகத்துப் பவுடரைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தப்புதான் என்று மட்டும் சொன்னார். கடைசியில் நான் குரலை இறக்கி, "குழாய் விஷயம் எப்பத் தெரியும்?" என்றேன்.

"அப்பவே."

"ஏன் சொல்லலை?"

"நானா இருந்து சொல்ல வாய் வரலை. அக்காவா இருந்தப்ப வந்துருச்சு" என்றார்.

அந்த ஒரு வாரம் எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். அந்த வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. மன்னிப்புக் கேட்க இவர் இரண்டு தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. பெண் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தாள், சாப்பாட்டிலிருந்து மட்டும் பாதியில் எழுந்துவிடுவாள்.

வேண்டாம் என்று அவர்கள் வாயால் சொல்லாததால், ஞாயிறு காலை சொன்ன நேரத்துக்குத் தாயார் சன்னதி மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். நேரம் ஆனது. அரைமணி தாண்டியது. பிரசாத ஸ்டால் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தேன். எழுந்துவிடலாம் என்று பெண்ணே சொன்னபோது, தூணுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தெரிந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், பையன், தட்டில் பூவும் பழமும்.

இவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மீசை பாதிதான் முளைத்திருந்தது. அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அன்னிக்குப் பேசின அக்கா வரலையா?" என்று கேட்டார். "அவங்ககிட்ட இன்னும் ரெண்டு மூணு கேள்வி பாக்கி இருக்கு. பொம்பளைங்ககிட்ட விசாரிச்சா பாதி பொய் சொல்லுவாங்க. அந்த அக்கா ஒருத்திதான் வாய் ஜாஸ்தின்னதையும் மறைக்காம சொன்னாங்க."

என் பெண்தான் முதலில் சிரித்தாள்.

கல்யாணம் ஆகி இப்போது அவளும் ஸ்ரீரங்கத்துக்காரி. இவர் பழையபடி பேச்சு கம்மிதான். மனசில் எதையோ வைத்துக்கொண்டு மென்று விழுங்குவது தெரிந்தால் மட்டும், "சரி, அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து, சொல்லிவிடுகிறார். அதைக் கேட்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், இத்தனை வருஷமும் இதை எத்தனை தடவை பேசியே கேட்காமல் விட்டேனோ என்று நினைத்துக்கொண்டு.