நிக்கனோரா வீட்டு மிக்கேல் கொடி

முப்பது வருடமாக எங்கள் ஊரில் யார் படுக்கையில் விழுந்தாலும் கசில்தாவுக்குத்தான் ஆள் போகும். கழுவித் துடைப்பாள், ஊசி போடுவாள், முதுகில் புண் வராமல் நேரம் பார்த்துப் புரட்டிப் போடுவாள். எந்த வீட்டுச் சேதியையும் அடுத்த வீட்டில் சொல்லமாட்டாள். இவ்வளவு நல்ல பெண்மணிக்கு இருந்தது ஒரே ஒரு நோய். பொறாமை. அதற்கு ஊசி கிடையாது.

அது ஒரு கொடியால் முற்றியது. மழை ஓயப்போகிற செப்டம்பரில், புனித மிக்கேல் அதிதூதர் திருநாளுக்குச் சரியாகப் பூக்கிற கொடி. அதனால் அதற்கும் மிக்கேல் கொடி என்றே பெயர். இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். திருநாளுக்கு முந்தின நாள் பெண்கள் கூடிக் கோயில் வாசலில் பூ வளைவு கட்டுவார்கள். வளைவின் கால்களுக்கு எந்த வீட்டுப் பூவும் ஆகும். உச்சியில் வைக்கிற கிரீடத்துக்கு மட்டும் ஒரே வீட்டுப் பூதான். பதினான்கு வருடமாக அது கசில்தா வீட்டுப் பூ.

கொடிக்கு அவள் செய்யாததில்லை. கோழி எரு, சோளம் கழுவின தண்ணீர், ஏறுவதற்குக் கம்பி. கத்தியை மட்டும் கிட்டே கொண்டுபோகமாட்டாள். வெட்டினால் கொடி செத்துவிடும் என்று உறுதியாக நம்பினாள். கொடியும் கூரைமேல் வைக்கோல்போர் மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே முழுக்கக் காய்ந்த சுள்ளி, விளிம்பில் மட்டும் பூ. அதை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

திருவிழாப் பொறுப்பாளர் இலாரியோன் பார்த்துவிட்டார். பதினான்காவது வருடம் கிரீடத்துக்குப் பூப் பறிக்க வந்தவர், பக்கத்து வீட்டு நிக்கனோராவின் மதிலருகே தேவைக்கு மேல் நின்றார். அங்கே இருந்தது இளங்கொடி. அடுத்த வருடம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கசில்தாவுக்குத் தூக்கம் கெட்டது.

நிக்கனோரா அயலாள் அல்ல. அவள் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் கசில்தா. அதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்கள். நிக்கனோராவின் கணவர் திமோத்தேயோ பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்து மூன்று வருடம். அவரைப் புரட்டிப்போடத் தினமும் மாலையில் கசில்தா அந்த மதிலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பிப்ரவரியில் நிக்கனோரா மகளைப் பார்க்க யாவுதெபெக் போனாள். இரண்டு நாளைக்கு வீட்டுச் சாவியும் கணவரும் கசில்தாவின் பொறுப்பு. கசில்தா அவரைக் குளிப்பாட்டினாள், கஞ்சி கொடுத்தாள், மாலைக்கு இடப்பக்கம் என்பதால் ஜன்னலைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிறகு சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த அரிவாளை எடுத்துப்போய், கொடியை இடுப்பு உயரத்தில் ஒரே வெட்டாக வெட்டினாள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு திரும்பியபோது திமோத்தேயோவின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. சுவர்ப்பக்கம் புரட்டியிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. பரவாயில்லை, பேச்சு இல்லை.

நிக்கனோரா வந்து அழுதாள். யாரோ விரோதி என்றாள். கசில்தா தேநீர் போட்டுக் கொடுத்து ஆறுதல் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், தொழில் அது.

ஜூனில் மழை இறங்கியது. இந்தக் கொடிக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு, அதன் உயிரெல்லாம் அங்கேதான். வெட்டின கட்டையிலிருந்து விரல் தடிமனுக்குப் புதுத் தளிர்கள் கிளம்பின. ஆகஸ்டில் மதில் மறைந்தது. செப்டம்பரில் பூ மதிலைத் தாண்டித் தெருவில் வழிந்தது. இந்தக் கொடி புதுத் தளிரில்தான் பூக்கும். கசில்தா தன் கையாலேயே எதிரிக்கு வைத்தியம் பார்த்திருந்தாள்.

அதோடு போயிருந்தால் தாங்கியிருப்பாள். ஊர்ப் பேச்சு மாறியது. விரோதி காணாமல் போனான். ஒரே வெட்டு, அதுவும் மிக்கேல் கொடியில். கோயில் சிலையில் யார் கையில் இருக்கிறது வாள்? அதிதூதரே இறங்கிவந்து நிக்கனோராவின் கொடியைச் சீர்செய்திருக்கிறார் என்று முடிவானது. கிழவிகள் வந்து கட்டையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த மெழுகுவத்திகளைத் தாண்டித்தான் தினமும் கசில்தா போய் அந்த வீட்டு மனிதரைப் புரட்டிப்போட்டுவிட்டு வந்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள் கோயில் வாசலில் பெண்கள் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரீடம் இந்த வருடம் நிக்கனோரா வீட்டுப் பூ என்று இலாரியோன் அறிவித்தார். கசில்தா தலையைக் குனிந்துகொண்டு நாரை முடிந்தாள். நிக்கனோரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பூ கெடக்கட்டும் கொமாத்ரே. இத்தன வீடு இருக்கறப்ப எங்க வீட்டத் தேடி வந்தாரு பாருங்க, அத நெனச்சாத்தான் புல்லரிக்குது. நீங்களும் வேண்டிக்குங்க. உங்களுக்கும் மனசு எறங்குவாரு."

கசில்தா நாரைக் கீழே வைத்தாள்.

"ஒரு புனிதரும் வரல. நான்தான் வெட்டினேன். உங்க வீட்டு அருவாளாலயே."

எல்லாக் கைகளும் நின்றன. கட்டையில் மெழுகுவத்தி ஏற்றியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிக்கனோரா மட்டும் பூவை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "பிப்ரவரியிலயே தெரியும். எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சுத்தான் போச்சு, வெரல் நல்லாருக்கு. அருவாளக் காட்டினாரு, உங்க வீட்டக் காட்டினாரு. காட்டிட்டு ஒரே சிரிப்பு."

"தெரிஞ்சுமா மெழுகுவத்தி ஏத்த விட்டீங்க?"

"பின்ன? நீங்க வெட்டினீங்கன்னு சொன்னா, இவ்ளோ பூவும் உங்களாலன்னு ஆயிடும். அத விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல."

முதலில் சிரித்தது இலாரியோன். பிறகு அந்த வாசலே சிரித்தது, இவர்கள் இருவரையும் தவிர. கிரீடம் மட்டும் மாறவில்லை. கசில்தாவுக்குத் தேவதூதர்களின் பெயரே பட்டப்பெயராகக் கிடைத்தது: சம்மனசு. இன்றும் ஊசி போட ஆள் அனுப்புகிறவர்கள் சம்மனசைக் கூட்டிவா என்றுதான் அனுப்புகிறார்கள்.

அடுத்த பிப்ரவரியில் அவள் முதலில் தன் கொடியை வெட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அதன்பின் கொடி வெட்ட ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். மறுக்கவும் முடியவில்லை, அரைகுறையாகச் செய்யவும் அவளுக்கு வராது. பதினொரு மதில். நிக்கனோரா அரிவாளைத் தீட்டித் தயாராகவே வைத்திருந்தாள்.

அந்தச் செப்டம்பரில் கிரீடம் தையற்காரி ரெஃபூகியோ வீட்டுக்குப் போனது. அன்று மாலை கசில்தாவும் நிக்கனோராவும் சேர்ந்துபோய் அந்த மதிலை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.