மேடான் வானம்

எதிர்க்கரையின் வானிலைக் குறிப்பு கையொப்பத்தோடு வந்து சேரும்வரை எந்த விமானமும் கிளம்பக் கூடாது என்கிறது இரு நாட்டு உடன்பாட்டின் நான்காம் விதி. தந்தியில் வந்தால் செல்லாது. கோலாலம்பூர் திடலில், சுமத்ராவின் மேடானுக்குப் போகவேண்டிய தபால் விமானம் மூன்று நாளாக நிற்கிறது. அது கிளம்பாமல் மழைமானி பார்க்கும் ரெங்கசாமி நகர முடியாது. நாளை மறுநாள், தை பதினெட்டில், கிள்ளானில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"மேடான்காரங்க இன்னுமா எழுதல?" என்கிறேன்.

"எழுதிட்டாங்க ஐயா. அங்க நிக்கிற விமானத்துல மூட்டை கட்டி வச்சிருக்காங்க. நம்ம குறிப்பு போனாத்தான் அது கிளம்புமாம்."

"நம்ம குறிப்பு எங்கே?"

எதிரே நிற்கும் விமானத்தைக் காட்டுகிறார். "இதுக்குள்ளதான்."

கோப்புகளோடு முப்பது வருடம் வாழ்ந்தவன் நான். நடைமுறையில் ஒரு குறையும் தெரியவில்லை.

'வானம் தெளிவு' என்ற மேடான் குறிப்பு கடைசியில் கப்பலில் வந்து சேர்கிறது, தை இருபத்தொன்றில்.