துவக்குச் சோதனை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். அதனாலோ என்னவோ, சோதனை என்று எதைக் கண்டாலும் எடுக்காமல் விடமுடியாத வியாதி எனக்கு இருந்தது. எண்பத்தாறில் டென்மார்க்கின் பிராண்டேயில் அண்ணையோடு இருந்தபோது மாலை வகுப்புகளின் பட்டியல் ஒன்று தபாலில் வந்தது. தையல், கேக், துவக்கால் சுடும் வேட்டை. அரசாங்கச் சோதனையும் சான்றிதழும் வேட்டைக்கு மட்டும்தான் இருந்தன. சேர்ந்துவிட்டேன்.

"உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?" என்றார் அண்ணை.

"நான் சேர்ந்தது துவக்குக்கில்லை அண்ணை, சேட்டிபிக்கற்றுக்கு."

ஊரில் இருந்த அப்பாவுக்கும் எழுதினேன்: டென்மார்க்கில் அரசாங்கச் சோதனை எடுக்கிறேன், சான்றிதழை அனுப்புவேன், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுங்கோ. வீடு கட்டும் மேசன் வேலை செய்யும் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர்தான் கடிதத்தை வாசித்துக் காட்டுவார். கடையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். அதற்காகத்தானே எழுதினேன்.

வகுப்பில் பதினொரு ஆண்களும் நானும். எனக்குப் பக்கத்தில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நானோ பாதி விளங்காமலே ஆயுதச் சட்டம் முழுவதையும் டேனிஷில் பாடமாக்கினேன். றைபிள் வாங்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். தெருவில் கொண்டுபோகும் துவக்கில் குண்டு இருக்கக்கூடாது, அது உறைக்குள் இருக்க வேண்டும். யார் தந்தாலும், கையில் வாங்கியதும் முதலில் அதைத் திறந்து வெறுமையா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் பண்ணைக்காரருக்கும் வாரா வாரம் சொல்லிக் கொடுத்தேன், அவர் கேட்காமலே.

எழுத்துச் சோதனையில் எனக்கு ஒரு பிழையும் இல்லை. அடுத்தது செய்முறை. சோதிப்பவர் துவக்கை என் கையில் தந்து, "இப்ப என்ன செய்யவேணும்?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, திறந்து பார்க்கச் சொல்லும் அந்த விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். முடித்த பிறகுதான் பார்த்தேன், மனிதர் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தியிருந்தார். நான் துவக்கைத் திறக்கவேயில்லை. குழல் அவருடைய வயிற்றுக்கு நேரே நின்றது.

"விதி திறம். ஆனா நான் செத்துப்போனன்" என்றார்.

பண்ணைக்காரர் வாயைத் திறக்கவில்லை, துவக்கைத் திறந்தார். அவர் பாஸ்.

அடுத்த மாதம் அப்பாவின் கடிதம் வந்தது. சான்றிதழ் எங்கே, என்ன பாடம் என்று மனேச்சர் கேட்கிறாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்குப் போகிற கடிதங்களை ஆமி உடைத்துப் பார்க்கும் என்று எல்லோருக்கும் பயமிருந்த காலம். துவக்கு என்ற ஒரு சொல் போதும், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெருமையடித்த அவசரத்தில் பாடத்தின் பெயரை எழுத மறந்ததுதான் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

"விலங்கியல்" என்று எழுதினேன். "எழுத்தில் முழுப் புள்ளி. செய்முறையில் தவறிவிட்டேன்."

மனேச்சரின் கையெழுத்தில் அப்பாவின் பதில் வந்தது: "கண்ணாடி வாங்கி வைச்சாச்சு. திரும்ப எடு. செய்முறை எண்டால் கையாலை செய்யிறதாம், மனேச்சர் சொன்னார். அதை என்னட்டைக் கேட்டிருக்கலாமே, பிள்ளை?"